பாதியில் நின்ற கலங்கள்!

"அல்லாஹ்...!"

ஷிஃபானாவின் அலறலில் ஆய்வுகூட ஜன்னலில் இருந்த காகம் பறந்தது.

நுணுக்குக்காட்டியில் தெரிந்த ரத்தக் கலங்களிலிருந்து கண்ணை எடுத்து விலகி நின்றாள். வெளியே திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் நிதானமாய்த் திரும்பிக் கொண்டிருந்தது. அதற்கு அவசரமில்லை.

இங்கே ஓர் உயிருக்கு அவசரம்!

"என்ன ஷிஃபா, உள்ளுக்க பாம்பு கிடக்கா?"

கேட்டவன் நஸ்ரி. அதே வகுப்பு. மற்றவர்கள் பரீட்சைக்கான ஸ்லைட்டை ஒப்படைத்துவிட்டுச் சிற்றுண்டிச்சாலைக்குப் போயிருந்தார்கள்.

"நீயே பாரு."

பார்த்தான்.

"சூப்பரா இருக்கே! குரோமோசோம்களைக் கையால எண்ணலாம் போல கிடக்கு. இதுக்கா கத்தின?"

"சூப்பரா இருக்கிறதுதான் பிரச்சினை! நான் கொல்சிசின் போட மறந்துட்டன்டா!"

நஸ்ரியின் சிரிப்பு அணைந்தது.

"என்ன மறந்தீர்?"

முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்... டொக்டர் கிறிஸ்தோபர்!

புற்றுநோய் மரபியல் விரிவுரையாளர். அவரிடம் படிப்பதைவிட அந்த நோயே பரவாயில்லை என்பது மாணவர்களின் ரகசியத் தீர்மானம். இன்று முகம் வெளிறி, சட்டை வியர்வையில் ஒட்டி, வழக்கத்தைவிடக் கடுப்பாக இருந்தார்.

"கொல்சிசின் என்ன செய்யும்? இறுதி வருஷம் படிக்கிற பிள்ளை, சொல்லும் பாப்பம்."

"பிரியுற கலத்தைப் பாதி வழியில நிப்பாட்டும் சேர். அப்பதான் குரோமோசோம் தெளிவாத் தெரியும்."

"போடாட்டி?"

"கலம் தன்ட பாட்டுக்குப் பிரிஞ்சு முடிச்சிடும். ஸ்லைட்டில அங்கொண்டு இங்கொண்டுதான் பிடிபடும்."

கிறிஸ்தோபர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"இதில கூட்டமா நிக்குது. அப்ப நீர் போட்டிருக்கிறீர். இல்லாட்டி ஆரோ செய்த ஸ்லைட்டைக் களவெடுத்திருக்கிறீர்!"

"சத்தியமா இல்ல சேர்!"

"கள்ளருக்குப் புற்றுநோய் ஆராய்ச்சியில என்ன வேலை? இண்டைக்கே உம்மை நீக்கச் சொல்லி எழுதிக் குடுக்கிறன். வீட்ட போய்க் கலியாணம் கட்டும்!"

ஷிஃபானாவுக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. பிரிட்ஜைத் திறந்து தன் பெயர் எழுதிய சின்னப் போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பாருங்க! சீல் உடையல்ல!"

போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மை. ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.

"ஸ்லைட் நான் வளர்த்த ரத்தக் கலத்தில இருந்துதான் எடுத்தது. மிச்சமும் இருக்கு. இப்பவே இன்னொண்டு செஞ்சு காட்டட்டா?"

"அப்ப கொல்சிசின் எங்கயிருந்து வந்தது?"

"ரத்தத்திலயே இருந்திருக்கு சேர்!"

ஷிஃபானா ஸ்டாண்டிலிருந்த குழாயைக் காட்டினாள்.

"எல்லாரும் ஒரே ஆள்ட ரத்தத்தைத்தான் வளர்த்தம். மத்தவங்க கொல்சிசின் போட்டதால வித்தியாசம் தெரியல்ல. நான் மறந்ததாலதான் காட்டிக் குடுத்துட்டுது..."

"வாதத்துக்குக் கொல்சிசின் குளிசை போடுற ஆளா இருக்கும்," என்றான் நஸ்ரி.

"குளிசைக்கு இவ்வளவு நிக்காது! ரத்தம் தந்த ஆளுக்கு ஆரோ நஞ்சு குடுக்காங்க. விட்டா மவுத்தாகிடுவாரு!"

"யார்ட ரத்தம்?"

கேட்டபடி நஸ்ரியே அந்தக் குழாயைத் தூக்கினான். அதில் ஒட்டியிருந்த பெயரை இரண்டு முறை படித்தான்.

"கலீலுர் றஹ்மான் சேர்!"

துறைத் தலைவர்! மாணவர்களை 'மகன், மகள்' என்று மட்டுமே கூப்பிடும் மனிதர். இரண்டு நாளாக விடுமுறை வேறு!

ஷிஃபானா மெதுவாகத் திரும்பி கிறிஸ்தோபரை முறைத்தாள்.

"போன மாசம் அவர்ட அறைக்குள்ள, 'உங்களை இந்தத் தலைவர் கதிரையில இருந்து இறக்காம விடமாட்டன்' எண்டு கத்தினது யாரு சேர்?"

"ஏய்!"

"வெளிய கேட்டுது! நஸ்ரி, பொலிசுக்கு கோல் எடு!"

"விசர்க் கதை கதையாதையும்!" கிறிஸ்தோபர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அண்டைக்கு ரத்தம்..."

கதவு திறந்தது.

"என்ன இங்க சண்டை?"

அத்தர் வாசனையோடு உள்ளே வந்தார்... கலீலுர் றஹ்மான்! கையில் ஒரு பிளாஸ்க்.

"சேர்! உங்களுக்கு ஒண்டுமில்லையா?" ஷிஃபானா கிட்டத்தட்ட அழுதாள்.

"எனக்கென்ன மகள்? கல்லு மாதிரி இருக்கன். பேத்திக்குப் பிறந்தநாள், அதான் லீவு. உடம்புக்கு வருத்தம் கிறிஸ்தோபருக்குத்தான். ரெண்டு வாரமா வயித்துக் குத்தும் வாந்தியும். அதான் லீவிலயும் விடாம தினமும் நானே சூப் வெச்சுக் குடுக்கிறன். சண்டை வேற, சாப்பாடு வேற. இந்தாங்க, சூடாக் குடிங்க."

கிறிஸ்தோபர் பிளாஸ்கைத் தொடவில்லை.

"கொல்சிசின் கிடக்கிற இந்த ரத்தத்தைத் தந்தது நான்," என்றார்.

"என்ன?"

"நீங்கள் அண்டைக்குக் கொழும்புக் கூட்டத்துக்குப் போனீங்கள். வகுப்பு நிக்கக்கூடாது எண்டு நான் கையை நீட்டினனான். வருஷா வருஷம் நீங்கள்தானே குடுக்கிறது. குழாயில உங்கட பேரை முதலே ஒட்டி வைச்சிட்டினம். பழக்கம். ஒருத்தரும் மாத்தேல்லை."

கலீலுர் றஹ்மானின் முகம் மாறியது. ஒரே ஒரு வினாடிதான்!

"அப்பிடியா... சூப் ஆறிட்டுது. சூடாக்கிட்டு வாறன்."

அவர் கதவை நோக்கிப் போகவில்லை. கைகழுவும் தொட்டியை நோக்கிப் போனார்!

நஸ்ரி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். ஷிஃபானா பிளாஸ்கைப் பிடுங்கினாள்.

"ஊத்தாதீங்க சேர். இதைப் பொலிசு ருசி பாக்கட்டும்!"

"மகள், உனக்கென்ன பைத்தியமா?"

"கார்த்திகைக் கிழங்கிலதான் கொல்சிசின் இருக்கு. எங்களுக்குப் படிப்பிச்சது நீங்கதான். உங்கட உப்புவெளி வீட்டு வேலி முழுக்க அந்தக் கொடி. நோன்புப் பெருநாளுக்கு வந்தப்ப நான்தான் அதுக்குப் பக்கத்தில நிண்டு போட்டோ எடுத்தன்!"

"நான் ஏன் இவரைக் கொல்லணும்?"

கிறிஸ்தோபர் கசப்பாகச் சிரித்தார்.

"ஏனெண்டு நான் சொல்றன் பிள்ளை. இவர் பேர் வாங்கின மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சி இருக்கே... கிளிவெட்டியில, கந்தளாயில கண்டதாச் சொன்ன நோயாளிப் பெண்கள் ஒருத்தரும் உலகத்திலயே இல்லை! ஒரே கட்டியில இருந்து எடுத்த கலத்தை ஊர் ஊராப் பேர் வைச்சிருக்கிறார். அதுக்குத்தான் நான் கத்தினனான். பகிரங்கப்படுத்த முதல் தானே பதவி விலகட்டும் எண்டு தவணை குடுத்தன். அதுதான் என்ட பிழை."

"தவணையா?" கலீலுர் றஹ்மானின் குரலில் இருந்த தேன் வற்றியது. "நான் கட்டின துறை இது! நீ என்னைச் சந்தியில நிப்பாட்டப் பாத்தாய். நான் என்ன உனக்கு ஊட்டியா விட்டன்? தினம் 'இன்னும் கொஞ்சம் உப்புப் போடலாம்' எண்டு குறை சொல்லிச் சொல்லிக் குடிச்சவன் நீதானே!"

அதற்குமேல் வாக்குமூலம் தேவைப்படவில்லை.

முதலே கோல் எடுத்திருந்த நஸ்ரியின் கைபேசியில் பொலிஸ் நிலையம் லைனில் இருந்தது... எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு!

அதே நேரம் கிறிஸ்தோபர் அடியோடு சரிந்தார்.

"சேர்!"

அவருடைய தலை தரையில் மோதுமுன் தாங்கிப் பிடித்தவள், அவர் வீட்டுக்கு அனுப்பவிருந்த அதே ஷிஃபானா.

இன்ன நஞ்சு என்று தெரிந்திருந்ததால் ஆஸ்பத்திரியில் நேரம் வீணாகவில்லை. ஆனாலும் இழுபறிதான். சிறுநீரகம் முரண்டு பிடித்தது. தலைமுடி கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. கடைசியில், மாணவர்களை இன்னும் பல வருஷம் வதைக்க, மனிதர் பிழைத்துக்கொண்டார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஷிஃபானா பார்க்கப் போனாள். மொட்டைத் தலையோடு தலையணையில் சாய்ந்திருந்தார்.

"என்ன பார்வை? தேங்காய் மாதிரி இருக்கா?"

"இல்ல சேர்... வடிவா இருக்கு."

"பொய். உம்மட ஸ்லைட்டைப் பரீட்சைச் சபை ஏத்துக்கொண்டிட்டுது. மேற்படிப்புக்கு நான் சிபாரிசு செய்திருக்கிறன். அழாதையும்! எனக்கு எரிச்சல் வரும்."

அழாமலிருக்கப் பாடுபட்டவாறே அவள் பையைத் திறந்தாள். உம்மா ஆசையோடு காய்ச்சித் தந்த கஞ்சியைக் கோப்பையில் ஊற்றி நீட்டினாள்.

கிறிஸ்தோபர் கோப்பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கோப்பையைப் பார்த்தார்.

"முதல்ல நீர் பாதியைக் குடியும். நாளைக்கு உயிரோட வந்தீரெண்டால்... மிச்சத்தை யோசிப்பம்!"