மஞ்சள் விளக்கு அணையவில்லை!

போன் அடித்தது.

பல் டாக்டர் எடுக்கவில்லை. அவர் கண் காரின் டேஷ்போர்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு... அணையவே இல்லை!

நேற்று மாலை மச்சானை அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிட்டபோதுகூட அவருக்கு இப்படி வியர்க்கவில்லை.

மச்சான், மனைவியின் அண்ணன். செய்த குற்றம்? சாப்பாட்டு மேஜையில், சொந்தபந்தம் முன்னால் சிரித்தது.

"பல்லு புடுங்குறவருக்கு எஞ்சின் வேலை எதுக்கு மாப்ள? சாவியைத் திருப்பினா வண்டி கொட்டாவி விடப்போவுது!"

வீடியோ பார்த்து, மூன்று வாரம் முதுகு ஒடிய, காற்றுக்குழாய் முதல் சைலன்சர் வரை தானே மாற்றி வேகத்தைக் கூட்டியவர் டாக்டர். சிரிக்கலாமா?

சிரித்த வாய் இப்போது பிணவறையில்.

போன் விடவில்லை. எடுத்தார்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன் டாக்டர். துக்க நேரத்துல தொந்தரவு... நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க? சும்மா, ஃபைலுக்காக."

"வீட்டுலதான் மேடம். சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்லேருந்து வந்த வண்டி, ஷெட்டை விட்டு நகரவே இல்ல!"

வண்டியைப் பற்றி அந்த அம்மாள் கேட்கவே இல்லை.

"இப்ப எங்க?"

"ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பறேன். ஒரு விளக்கு எரியுது."

"மச்சான் செத்த மறுநாளா?"

"சொந்தக்காரங்களை ஏத்திட்டுப் போகணுமே மேடம்!"

உண்மைதான். ஏறுகிறவர்கள் விளக்கைப் பார்த்தால்? மச்சான் செத்தும் ஜெயித்துவிடுவாரே!

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அக்கா பானெட்டைத் தூக்கினாள்.

"எல்லாம் நானே பண்ணது" என்றார்.

"சனிக்கிழமையே பத்து தடவை சொல்லிட்டீங்க."

ஸ்டீயரிங்குக்கு அடியில், கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் செருகினாள். வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி, கதவில் சாய்ந்துகொண்டாள்.

டாக்டர் அவளைப் பார்க்கவே இல்லை. "அக்கா... எஞ்சின்லயா கோளாறு?"

"அட, இல்ல டாக்டர்! பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாத் திருகல. ஆவி கசியுது, அதான் விளக்கு." பின்னால் போய்த் திருகினாள். டிக்... டிக்! "என்ன அவசரத்துல போட்டீங்க?"

டாக்டர் அந்த மூடியையே பார்த்தார்.

மச்சான் வீட்டுக்குப் போய்வந்த பெட்ரோல் குறைந்தது யார் கண்ணிலும் படக்கூடாது என்று, திரும்பும் வழியில் பங்க்கில் அளந்து போட்டு, மூடியைத் தானே திருகியிருந்தார். மூளை அபாரம். மூடிதான் அரைகுறை!

"போன வாரம் போட்டது..." என்று இழுத்தார் டாக்டர்.

"வண்டியை வெளியே எடுக்கவே இல்லன்னு சொன்னாரு அக்கா" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"இல்லையே மேடம்! சனிக்கிழமை பழைய கோளாறுப் பதிவெல்லாம் நான்தான் அழிச்சேன். அதுலேருந்து நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு மெஷின் காட்டுதே. இவர் வீடு இங்கிருந்து ரெண்டே கிலோமீட்டர்!"

"போக ரெண்டு, வர ரெண்டு. மீதி முப்பத்தெட்டு." இன்ஸ்பெக்டர் விரல் மடக்கினாள். "இவர் வீட்டுலேருந்து மச்சான் வீடு பத்தொம்பது. போக, வர... கணக்கு இடிக்கவே இல்லையே டாக்டர்! எந்த பங்க்? கேமரா பார்க்கணும்."

டாக்டர் வாயைத் திறந்தார். பல் டாக்டரின் பற்கள் தந்தியடித்தன.

விலங்கு பூட்டியாயிற்று. ஜீப்பில் ஒரு காலை வைத்தவர், சட்டென்று திரும்பினார்.

"அக்கா! அப்போ... என் எஞ்சின் வேலையில எந்தக் குறையும் இல்ல?"

"துளிகூட இல்ல டாக்டர். கை தேர்ந்தவங்ககூட இவ்வளவு சுத்தமாப் பண்ண மாட்டாங்க."

டாக்டரின் முகம் மலர்ந்தது! முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தன.

"மேடம்... இதையும் அந்த ஃபைல்ல எழுதிக்குவீங்களா? சொந்தக்காரங்க படிக்கணும்."

"தாராளமா. முதல் வரியே அதான்" என்று ஜீப் கதவைச் சாத்தினாள் இன்ஸ்பெக்டர். "கொலைக்குப் போய்த் திரும்புற வரைக்கும் வண்டி ஒரு இடத்துலகூட மக்கர் பண்ணலைன்னு!"