நல்ல ஒலி கேட்டவள்

வாசித்தவன் நிறுத்திய பிறகும் மெட்டு நிற்கவில்லை. ஹெட்போனுக்குள் யாரோ உதடு பிரிக்காமல் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், வாத்தியத்துக்கு ஒரு மூச்சு பின்தங்கி.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். மதிய வெயில் விழுந்த கூடத்தில் கணவன் சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேறு யாருமில்லை.

"நீங்க ஏதாவது முணுமுணுத்தீங்களா?"

"குழலை வாயில வெச்சுக்கிட்டு எப்படிம்மா முணுமுணுக்கிறது? இந்தக் கேமராவும் சொதப்பலா?"

அந்த 'இந்தக் கேமராவும்' அவளைச் சுருக்கென்று தைத்தது. பெரிய அரங்கு ஒன்றில் வாசிக்க அவனுடைய குழு ஆசைப்பட்டது. நேரில் வாசிக்கிற வீடியோ வேண்டும் என்றார்கள் அரங்குக்காரர்கள். இரண்டு முறை அனுப்பி, இரண்டு முறையும் 'ஒலி சரியில்லை' என்று திரும்பி வந்துவிட்டது. கைக்கு எட்டிய விலையில், நல்ல ஒலியோடு ஒரு கேமரா. அதைத் தேடுகிற வேலை அவள் தலையில் விழுந்தது. முதலில் வாங்கியதில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது; டிரம் அடித்தால் மட்டும் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கிய சத்தம். அதைக் கொடுத்துவிட்டு வாங்கிய அடுத்தது, தானே ஒலியை ஏற்றி இறக்கியது. மென்மையாக வாசிக்கிற இடத்தில் மின்விசிறி சிங்கம் போல உறுமியது. இன்னொன்றில் மைக் செருகவே இடமில்லை. செருப்பு தேய அலைந்து, கடைசியில் பழைய சாமான் கடையில் இதைப் பிடித்தாள். வெளி மைக் செருகலாம், ஒலியளவைக் கையால் திருகி வைக்கலாம்.

"இதுக்குக் காது கூர்மைக்கா. குண்டூசி விழுந்தாலும் விடாது" என்று சொல்லித்தான் விற்றிருந்தான் கடைக்காரன்.

விசிறியை நிறுத்தினாள். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். மைக் வயரை மாற்றினாள். திரும்ப எடுத்தார்கள்.

இந்தத் தடவை அந்தக் குரல் பின்தங்கவில்லை. சாக்ஸபோனோடு சேர்ந்தே நடந்தது, இடது பக்கத்திலிருந்து.

எரிச்சலோடு கடைக்காரனுக்குப் போன் போட்டாள். "பக்கத்துல ரேடியோ ஏதாவது ஓடும்க்கா. வயர் இழுத்துக்கும். வேற ரூம்ல வெச்சுப் பாருங்க" என்றான். படுக்கையறைக்கு மாறினார்கள். எதிரொலி அடங்க மெத்தையைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தியதில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. ஜன்னலைச் சாத்தினாள். திரைச்சீலையின் புழுதி வாசனை மூக்கில் ஏற, வியர்வை முதுகில் வழிய, மூன்றாவது முறையாக எடுத்துப் போட்டுக் கேட்டாள்.

குரல் இப்போது முன்னால் போயிற்று. அவன் தொடுவதற்கு முன்பே அடுத்த சுரத்தைத் தொட்டது.

"நடுவுல ஒரு இடத்துல கீழ இறங்கினீங்களே, அது பாட்டுல இருக்கா?"

"இல்ல. அந்த நேரத்துல சும்மா தோணுச்சு. ஏன், நல்லால்லையா?"

அவனுக்குத் தோன்றுவதற்கு முன்னால் யாரோ அதைப் பாடியிருந்தார்கள்.

ஹெட்போனை அவனிடம் நீட்டினாள். கண்ணை மூடிக் கேட்டவன் முகம் மலர்ந்தது. "அடேயப்பா. பளிங்கு மாதிரி இருக்கு. இதையே அனுப்பிடலாம்."

"பின்னால ஒரு குரல் கேக்கலையா உங்களுக்கு?"

"ஒரு குரலும் இல்ல. கேமரா கேமரான்னு அலைஞ்சு உனக்குக் காதெல்லாம் புண்ணாப்போச்சு. கொஞ்சம் படு. நான் மாடியில போய் டிரம்காரனுக்கு போன் பண்ணிட்டு வரேன்."

எத்தனை நாள் பாடு. அவனுக்குப் பளிங்கு. தனக்கு மட்டும் ஏன் இப்படி என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இதை இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று கேமராவை ஓடவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அறையில் ஓர் அசைவுமில்லை. மைக்கின் முன்னால் வெறும் நாற்காலி.

முணுமுணுப்பு தொடங்கியது.

இடது பக்கம். அலமாரி அருகில். பிறகு திரைச்சீலை அருகில். நடந்துகொண்டே பாடுகிற மாதிரி, அவசரமில்லாமல். மைக்கைத் தாண்டியது. கேமராவைத் தாண்டியது.

கேமராவுக்குப் பின்னால் அவள்தான் நின்றிருந்தாள்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அது சுவரில் பட்டு விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

நாற்காலியை உதைத்தாள். சாய்ந்தது. சத்தமில்லை. கத்தினாள். தொண்டை எரிந்தது. சத்தமில்லை.

கதவு திறந்தது. கணவன் வந்தான். உதடுகள் அசைந்தன. அவள் தலையை ஆட்டினாள், காதைத் தொட்டுக் காட்டினாள். அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். உதடுகள் மறுபடி அசைந்தன, வேகமாக. அவள் அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் சாக்ஸபோனை எடுத்தான். அவள் முகத்துக்கு நேராக நின்று ஊதினான்.

கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. விரல்கள் ஓடின. பித்தளையின் வாயிலிருந்து சூடான காற்று அவள் நெற்றியில் வந்து மோதியது.

ஒன்றுமில்லை. ஒரு சுரம்கூட இல்லை.

அவள் காதுமடலில் மட்டும் ஈரமான உதடுகள் பதிந்திருந்தன. மூடிய உதடுகள். அவை பாடிக்கொண்டிருந்தன.