பெஞ்சுக்குள் ஒரு பல்லழகன்

"கற்... கற்... கற்..."

பெஞ்சுக்குள் யாரோ எதையோ கடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் அம்மா தச்சுவேலை செய்பவர். பல் டாக்டருக்காக ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த பெஞ்சு அது. அழகாக இருக்கட்டும் என்று ஓரத்தில் மரப்பட்டையை உரிக்காமல் விட்டிருந்தார். நாளைக்கு டாக்டர் எடுத்துப்போக வருகிறார். இன்றைக்குப் பார்த்து அதிலிருந்து மரத்தூள் கொட்டுகிறது!

"போச்சு! ஒரு மாச உழைப்பும் போச்சு!" அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "இரு, மருந்து ஊத்திக் கொன்னுடறேன்."

"கொஞ்சம் பொறும்மா. அது யாருன்னாவது பார்க்கலாம்."

"ஆமா, விருந்தாளி பாரு! பேரைக் கேட்டு உக்கார வை."

அம்மா மருந்து தேடிப் போனார். நான் அதே மரத்தின் மிச்சத் துண்டு ஒன்றை எடுத்துப் பட்டையை உரித்தேன்.

அடேயப்பா! அடியில் வளைந்து வளைந்து ஒரு பாதை. நூல்போலத் தொடங்கி, போகப்போக என் விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. புழு வளர வளரப் பாதையும் வளர்ந்திருக்கிறது! கடைசியில் அது மரத்துக்குள் இறங்கியிருந்தது.

"அம்மா, ஓடி வா!"

அம்மா உளியால் துண்டை மெல்லப் பிளந்தார். உள்ளே சின்ன அறை. வாசலை மரச்சீவலால் அடைத்துவிட்டு, வெள்ளை வெளேரென்று, பாதி வண்டாக மாறிவிட்ட அந்தப் புழு, நீண்ட மீசையைச் சுருட்டி வைத்துக்கொண்டு தூங்கியது.

"உளி இல்ல, ரம்பம் இல்ல. என்னமா குடைஞ்சிருக்கு!" அம்மா மருந்துப் புட்டியைக் கீழே வைத்தார்.

"தின்னதெல்லாம் பட்டைக்கு அடியிலதாம்மா. தூங்கத்தான் உள்ள போகுது. பட்டையை எடுத்துட்டா வேற புழு வராது."

"பட்டையை விட்டது என் தப்புதான்டி," என்றார் அம்மா.

துண்டை மறுபடி மூடிக் கட்டினோம். பெஞ்சின் பட்டையை உரித்தோம். அங்கே ஒரே ஒரு பாதை, ஒரே ஒரு துளை. நிம்மதியாக இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னோம். அவர் பெஞ்சில் காதை வைத்தார்.

"கற்... கற்..."

"யப்பா! எங்கிட்ட வர்ற யாருக்கும் இவ்வளவு பலமான பல்லு கிடையாது. அப்படியே கொடுங்க!"

சில மாதங்கள் கழித்து டாக்டர் போன் செய்தார். ஓடினோம். பெஞ்சில் ஒரு நீள்வட்ட ஓட்டை. பக்கத்தில், உடம்பைவிட நீளமான மீசையை ஆட்டியபடி பளபளவென்று ஒரு வண்டு! ஊசிக்குப் பயந்து அழுத பையன்கூட அழுகையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலைத் திறந்தேன். அது ஜம்மென்று பறந்தது.

அம்மா பசையும் மரத்தூளும் குழைத்துக்கொண்டு ஓட்டையை மூடக் குனிந்தார்.

டாக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"வேண்டாம்மா. நாள் பூரா நான் ஓட்டை அடைச்சுக்கிட்டேதான் இருக்கேன். இது ஒண்ணாவது திறந்தே இருக்கட்டும்!"