சாவி உள்ளே இருக்கிறது

ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஹெட்ஃபோனில் அந்த உறுமல் நிற்கவில்லை.

பேட்டி எடுக்க வந்திருந்த இங்வில்ட் ஒலியைக் கூட்டிக் கேட்டாள். பிளக் தரையில்தான் கிடந்தது. வெளியே அந்த வடகோடித் துறைமுகம் பிற்பகல் இரண்டு மணிக்கே இருண்டு, ஜன்னல் கண்ணாடியைப் பனிக்காற்று சுரண்டிக்கொண்டிருந்தது; சமையலறையில் காபியும் காய்ந்த மீனும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை.

"கார் சாவியை எதுக்கு மீனோட உள்ள வெச்ச?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த தூர்டிஸ்.

"சத்தம் வருதுன்னு ஃபிரிட்ஜை நிறுத்தினா சாவி அதுக்குள்ள இருக்கணும். அப்பதான் திரும்பப் போடாம கிளம்ப மாட்டேன். ஒரு வீட்ல மறந்து, மான் கறி மொத்தமும் நாறிடுச்சு."

"அதையே உனக்கு விருந்தா போட்டிருக்கணும்."

சாயங்காலத்துக்குள் இந்தப் பேட்டி விசாரணைக் குழுவுக்குப் போகாவிட்டால், தூர்டிஸின் தம்பி ஸ்வெரே கடலில் விழுந்து செத்தான் என்ற மீன் கம்பெனியின் கதையே நிலைத்துவிடும். காலையில் கம்பெனி மேனேஜர் அவளைப் போனில் மிரட்டியிருந்தார். அப்படியும் தூர்டிஸ் சிவப்பு லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இங்வில்ட் விளக்கைப் பக்கவாட்டில் சற்று உயர்த்தி, எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டையைச் சாய்த்து நிழலை மென்மையாக்கினாள். சட்டைக் காலரில் மைக்கைக் குத்தினாள்.

"கேமராவைப் பாக்காத. என்னைப் பாத்துச் சொல்லு."

"அவன் ஸ்ட்ரைக் பண்ணினான். குளிர்கிடங்குல அவன் இருக்கறது தெரிஞ்சே பூட்டினாங்க. கதவை மாத்தறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். உள்பக்கம் முழுக்க நகக் கீறல்."

உறுமல் தடித்தது. அதற்குள் ஒரு மூச்சு. மைக்கில் உதடு படுகிற அளவு நெருக்கமாக, பல் கிட்டிக்கொள்ளும் மூச்சு.

தூர்டிஸின் வாய் மூடியிருந்தது.

இங்வில்டின் விரல் பொத்தானுக்குப் போனது.

"நிறுத்தாத," என்றாள் தூர்டிஸ். "எதையோ கேக்கறேன்னு உன் மூஞ்சி சொல்லுது. கேட்டாலும் நிறுத்தாத."

அவள் கடைசிவரை சொல்லி முடித்தாள். இனி ஒன்றுதான் பாக்கி: அறையின் வெறும் அமைதி. பேச்சில் வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும். எந்தப் பேட்டியும் அதில்தான் முடியும்.

"ஒரு நிமிஷம். அசையாம இரு."

உறுமல். மூச்சு.

கிளிங்.

ஃபிரிட்ஜுக்குள் சாவி, கதவில் மேலும் கீழும் உரசியது. துவாரம் தேடியது. அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது.

ஹெட்ஃபோன் இல்லாமலே தூர்டிஸுக்கும் கேட்டது. அவள் திரும்பவில்லை.

"அன்னிக்கு அவன்கிட்ட சாவி இல்ல," என்றாள்.

ஓடலாம். எதில்? சாவி உள்ளே.

இங்வில்ட் விளக்கை ஃபிரிட்ஜின் பக்கம் திருப்பினாள். கேமராவைத் திருப்பினாள். பதிவின் சிவப்புப் புள்ளி அணையவில்லை. தூர்டிஸ் காலரிலிருந்து மைக்கைக் கழற்றிக் கதவுக்கு நேரே நீட்டினாள்.

"நீயும் சொல்லுடா, ஸ்வெரே."

ரப்பர் விளிம்பு பிரிந்தது. வெண்புகை. இடுக்கில் நான்கு விரல்கள். நீலமாக. நகமே இல்லாமல். இங்வில்டின் சாவியை இறுகப் பிடித்தபடி.