நீலக்கார் ஏன் நின்றது?

அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருக்காவது பல்வலி வந்தால், பல் டாக்டரை அவர் வீட்டில் தேடிப் பயனில்லை. தையல்கார அம்மாவின் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஏதாவது ஒரு பழைய காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் டாக்டர்.

தையல்கார அம்மா என்றால் சுண்டுவின் அம்மா. கார் இருக்கைகளுக்கு உறை தைப்பது அவள் தொழில். சுண்டுவுக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. இஞ்சின் இடுக்கில் நட்டு விழுந்துவிட்டால் அவளுடைய சுண்டுவிரல் மட்டும்தான் உள்ளே நுழையும். அதனால் கொட்டகையில் எல்லோருக்கும் அவள் சுண்டுதான்.

அம்மாவிடம் ஒரு நீலக்கார் இருந்தது. டாக்டரிடம் வெள்ளை, பாட்டு டீச்சரிடம் பச்சை, பேக்கரி மாமாவிடம் சிவப்பு. நான்கு கார்களும் சுண்டுவின் அம்மாவைவிட வயதில் மூத்தவை. அவற்றுக்கு உதிரிப் பாகம் கேட்டுப் போனால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அதனால் நால்வரும் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து ஒருவர் காரை மற்றவர் பிழைக்க வைத்தார்கள்.

அதைப் பார்க்க சுண்டுவுக்குச் சலிக்கவே சலிக்காது. டாக்டர் பல் குடையும் கம்பியை வைத்து பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் பொடித் துளைகளைச் சுத்தம் செய்வார். செய்யும்போது, "நல்லா வாயைத் திற" என்று அதனிடம் சொல்லவும் சொல்வார். பாட்டு டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்பார். "மூணாவது சிலிண்டர்ல தாளம் தப்புது" என்பார். திறந்து பார்த்தால் கோளாறு மூன்றாவதில்தான் இருக்கும். பேக்கரி மாமா ஒழுகும் கேக் தட்டுகளை ஈயம் வைத்து அடைத்து அடைத்துக் கை பழகியவர். நான்கு கார்களின் துருவையும் அவர்தான் கவனித்துக்கொண்டார். இவர்களைப் போலக் கெட்டிக்காரர்கள் உலகத்திலேயே கிடையாது என்பது சுண்டுவின் முடிவு.

அப்பேர்ப்பட்ட நால்வருக்கும் நீலக்கார் மூன்று வாரமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

வாராவாரம் நான்கு கார்களும் சேர்ந்து ஒரு சுற்றுப் போகும். நீலக்கார் வீட்டிலிருந்து ஜம்மென்று கிளம்பும். இருபது நிமிடம் ஓடும். பிறகு விக்கும், இருமும், நடுரோட்டில் நின்றுவிடும். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கார் நின்றால் நான்கும் நிற்க வேண்டும். யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆகவே நான்கு கார்களும் ஓரம் கட்டும். நான்கு தலைகளும் நீலக்காரின் இஞ்சினுக்குள் போய்விடும்.

"முதல்ல பெட்ரோல் இருக்கான்னு பாரு, சுண்டு!" என்று அம்மா குரல் கொடுப்பாள்.

நீலக்காரில் பெட்ரோல் முள் செத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. சுண்டு பின்பக்கம் ஓடி, டாங்கி மூடியைத் திருகித் திறந்து, ஒரு நீளக் குச்சியை உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பாள்.

"பாதி டாங்கி இருக்கும்மா!"

முதல் வாரம் டாக்டர் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார். கார் கிளம்பியது. "எல்லாம் சொத்தைதான்!" என்று அவர் கையைத் தட்டிக்கொண்டார். இருபது நிமிடத்தில் மறுபடி நின்றது. அடுத்த வாரம் டீச்சர் பிளக்குகளை மாற்றச் சொன்னார். கிளம்பியது, நின்றது. மூன்றாவது வாரம் பேக்கரி மாமா பெட்ரோல் குழாயையே புதிதாகப் போட்டார். அதற்கும் அதே கதைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா தைத்துக்கொண்டிருந்த உறையைக் கீழே வைத்தாள்.

"நாளான்னைக்கு மலைக்கு நாம வரலன்னு சொல்லிடப் போறேன்."

சுண்டு திடுக்கிட்டாள். வருடத்துக்கு ஒரு முறை நான்கு கார்களும் வரிசையாக மலை உச்சிக்குப் போகும். அதற்காக அவள் காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டே வந்திருந்தாள்.

"ஏம்மா?"

"என் ஒருத்தி கார் நின்னா அவங்களும் நிக்கணும். மூணு வாரமா எல்லாருக்கும் நேரம் வீணாப்போச்சு. மலைப் பாதையிலயும் வெயில்ல நிக்க வைக்கணுமா? எனக்கு வெக்கமா இருக்குடி."

அம்மாவின் முகம் வாடியிருந்தது. மலைக்குப் போக முடியாததைவிட, அந்த முகம்தான் சுண்டுவைச் சங்கடப்படுத்தியது. அம்மாவுக்கு இந்த மூன்று பேரைவிட்டால் வேறு நண்பர்கள் இல்லை.

சனிக்கிழமை காலை அவள் நீலக்காரின் பின்னால் போய் உட்கார்ந்தாள். மூன்று வாரமும் எல்லோரும் முன்பக்கத்தையே பார்த்தார்கள். பின்பக்கம் வந்தது அவள் மட்டும்தான். அங்கே வித்தியாசமாக எதையாவது பார்த்தோமா என்று யோசித்தாள்.

பார்க்கவில்லை. ஆனால் கேட்டிருக்கிறாள்!

கார் நின்ற ஒவ்வொரு முறையும், மூடியைத் திறந்ததும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. இப்போது திறந்தாள். சத்தம் இல்லை. வீட்டில் திறக்கும்போது ஒருநாளும் வந்ததில்லை.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போன மாதம் அது துருப்பிடித்துக் கிடந்தது. பேக்கரி மாமாதான் கழற்றிக்கொண்டு போய், முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்துக் கொண்டுவந்தார். "துரு இல்ல, கீறல் இல்ல, ஓட்டை இல்ல! புதுசு தோத்துடும்!" என்று அன்றைக்கு அவருக்கு ஒரே பெருமை.

ஓட்டை இல்லையா? சுண்டு எழுந்தாள். மறுநாள் பயணத்துக்காக டாக்டரின் வெள்ளைக்கார் கொட்டகையிலேயே நின்றிருந்தது. அதன் மூடியைக் கழற்றிக் கவிழ்த்தாள். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. டீச்சர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பச்சைக்கார் மூடியையும் பார்த்தாள். அதிலும் துளை! அம்மாவின் மூடியில் அதே இடத்தில் வழவழவென்று ஒரு ஈயப்பொட்டு மட்டும் இருந்தது.

சுண்டுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஆனால் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னால் பேக்கரி மாமாவின் முகம் என்ன ஆகும்? பாவம், கடையைச் சாத்திவிட்டு மூன்று வாரமாக முதுகு ஒடிய வேலை பார்த்தவர் அவர்தான்.

மூடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேராகப் பேக்கரிக்கு நடந்தாள். மாமா ஒரு புது எண்ணெய் டின்னை மேசைமேல் வைத்துவிட்டு ஆணியும் சுத்தியலும் எடுத்தார்.

"வா சுண்டு! பன்னு சூடா இருக்கு, எடுத்துக்கோ."

"அப்புறம் சாப்பிடறேன் மாமா."

மாமா டின்னின் ஒரு மூலையில் ஆணியை வைத்து ஓர் அடி அடித்தார். எதிர் மூலையில் இன்னொன்று. டின்னைச் சாய்த்ததும் எண்ணெய் தடையில்லாமல் பாத்திரத்தில் கொட்டியது. சுண்டு இதை நூறு முறை பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"எதுக்கு மாமா ரெண்டு ஓட்டை? ஒண்ணு போதாதா?"

"போதாது கண்ணு. இதைப் பாரு." மாமா இரண்டாவது ஓட்டையை விரலால் பொத்தினார். எண்ணெய் விக்கி விக்கி, சொட்டுச் சொட்டாகி, நின்றுபோனது. "எண்ணெய் வெளிய வரணும்னா அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகணும். வழிய அடைச்சுட்டா..."

மாமா பாதியில் நிறுத்தினார். விரலைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். விரலை எடுத்தார். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது.

சுண்டு பையிலிருந்த மூடியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

மாமா மாவு மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"அடக் கடவுளே! நானா? துரு தின்ன ஓட்டைன்னு நெனச்சு அடைச்சேனே! பெட்ரோல் போகப் போக டாங்கிக்குள்ள காத்தே போகலையா?"

"ஆமா மாமா. ஒவ்வொரு தடவையும் நான் குச்சி விடறதுக்காகத் திறந்தேன். காத்து போயிடுச்சு. அதான் கிளம்புச்சு."

"நாங்க மூணு பேரும் நாங்கதான் கிளப்பினோம்னு ஆளுக்கொரு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டோம்!"

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது. "உங்க அம்மாவை நான்தான் இந்தப் பாடு படுத்தியிருக்கேன்."

"நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க ஒரு ஓட்டை போட்டுக் குடுத்தா, நான் பேசாம மாட்டிடுவேன்."

மாமா எழுந்து மூடியைக் கையில் எடுத்தார்.

"மாட்டிடலாம். ஆனா என்ன கோளாறுன்னு தெரியாம உங்க அம்மா எப்படி நம்பி மலை ஏறுவாங்க? வா, போகலாம்." கையில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல் கிளம்பிவிட்டார்.

கொட்டகையில் அம்மாவிடம் டாக்டரும் டீச்சரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா தலையைக் குனிந்தபடி, "நான் வரல, விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா நடுவில் போய் நின்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

டாக்டர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"சொல்றதுன்னா நானும் ஒண்ணு சொல்லணும். போன வருஷம் ஒரு கார்புரேட்டருக்குள்ள பஞ்சு வச்சு மறந்துட்டேன். பல்லுக்கு வைக்கிற பஞ்சு."

"யார் கார்ல?" என்றார் டீச்சர்.

"உங்க கார்ல."

"அதானா! மூணு மாசம் சுருதியே சேரல! நான் என் காதைப் போய்க் காது டாக்டர்கிட்ட காட்டினேன்!"

கொட்டகை குலுங்கியது. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பளபளத்த அந்த மூடியைக் கையில் வாங்கி மாமாவிடம் நீட்டினாள்.

"இவ்வளவு ஆசையா தேய்ச்சுக் குடுத்தீங்களே, அதை யார் செய்வா? ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க. சரி, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?"

ஞாயிற்றுக்கிழமை நான்கு கார்களும் மலை ஏறின. இருபது நிமிடம் ஆனது. சுண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முப்பது ஆனது. நீலக்கார் விக்கவில்லை, இருமவில்லை. அம்மா சன்னலைத் திறந்துவிட்டுப் பாடவே ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பார்.

உச்சிக்கு இன்னும் இரண்டே வளைவு. பின்னால் 'பாம் பாம்' என்று ஹாரன் கேட்டது. சிவப்புக்காரின் மூக்கிலிருந்து புகை புகையாக நீராவி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பேக்கரி மாமா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

நான்கு கார்களும் ஓரம் கட்டின. சுண்டு இறங்குவதற்குள் அம்மா தையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

"தண்ணிக் குழாய் பிஞ்சிருக்கு, அவ்வளவுதான்! கொஞ்சம் ஆறட்டும். நான் ஊசி நூலோடதான் வந்திருக்கேன். ரப்பர் துணி சுத்தித் தைச்சு, அப்படியே மேல நூலால இறுக்கிடலாம்!" அம்மாவின் கன்னத்தில் கரி, குரலில் அப்படி ஓர் உற்சாகம்.

வெயில் சுள்ளென்று அடித்தது. டாக்டர் குடை பிடித்தார். டீச்சர் பன்களை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

சுண்டு அம்மாவின் காதருகே குனிந்தாள். "ஏம்மா, இப்படி வெயில்ல நின்னா எல்லாருக்கும் நேரம் வீணாகாது?"

"யாருக்குடி வீணாகுது?" என்றாள் அம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "இந்த நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடி."