ஆர்வில் ஹென்ஸ்லியின் முதல் கல்யாணம்

செத்துப்போன புருஷனுக்கு இன்னொரு பெண்டாட்டி இருக்கிறாள் என்பது டெல்ஃபியா ஹென்ஸ்லிக்குச் சவ அடக்கக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஜட்ஜ் உத்தரவு வந்திருக்கும்மா. யார் பெண்டாட்டின்னு தீர்ற வரைக்கும் நான் உடம்பைத் தர முடியாது." மறுநாள் வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஆன்சல் புரூயிட்டின் கதவைத் தட்டியபோது அவள் கையில் இருந்தது ஒரே ஒரு காகிதம். கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகத்தின் முத்திரை குத்திய கல்யாணச் சான்று நகல்.

ஆன்சல் முன்னாள் துணை ஷெரீஃப். இப்போது பழைய பத்திரம், வேலித் தகராறு, காணாமல்போன வாரிசு என்று வக்கீல்களுக்குத் தேடிக் கொடுக்கிறவர். அவருக்குக் கண்ணில் புரை விழுந்த நாள் முதல் வண்டி ஓட்டுவதும் காகிதங்களைப் படித்துக் காட்டுவதும் வெர்னா ஸ்டிட்ஹாம். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். எந்தக் கேஸ் வந்தாலும் ஐந்தே நிமிஷத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுவாள். ஒரு தடவைகூட அது சரியாக இருந்ததில்லை. அதற்காக அவள் பிடிப்பதை நிறுத்தியதும் இல்லை.

"பதிவேடு பதினாலு, பக்கம் இருநூத்திப் பன்னெண்டு," என்று வெர்னா உரக்கப் படித்தாள். "மாப்பிள்ளை ஆர்வில் ஹென்ஸ்லி, வயசு இருபது. பொண்ணு ஜெனீவா ரஸ்க், வயசு பத்தொம்பது. கல்யாண லைசென்ஸ் கொடுத்தது 1951 அக்டோபர் பத்தொம்பது. அன்னிக்கே கல்யாணம். அடியில பாதிரியார் கையெழுத்து."

"அந்தப் பாதிரியார் செத்து இருபது வருஷம் ஆகுது," என்றாள் டெல்ஃபியா. "எங்க கல்யாணம் அதுக்கடுத்த மார்ச் நாலு. இது நெசம்னா எங்களுது கல்யாணமே இல்லையாம். முப்பத்தொரு வருஷம் அந்த மனுஷனுக்கு நான் யாரு? சமையக்காரியா?"

"ஜெனீவாவுக்கு என்ன வேணுமாம்?" என்றார் ஆன்சல்.

"ஓடையோர நெலம். சரளைக் கல்லுக் கம்பெனிக்காரன் ஒரு வருஷமா நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையறான். எடுத்துட்டுப் போகட்டும், எனக்கென்ன. ஆனா ஐயா, மேட்டுல எங்க பாப்பா படுத்திருக்கா. நாலு நாள்தான் இருந்தா. பக்கத்துல அவருக்குன்னு எடம் விட்டு வெச்சிருக்கோம். நான் பெண்டாட்டி இல்லைன்னா, அவரை எங்க புதைக்கணும்னு சொல்ல எனக்கு வாயே கெடையாதாம். இன்னிக்கு மூணு மணிக்கு ஜட்ஜ் தீர்ப்புச் சொல்றாரு."

ஆன்சல் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் எதற்கும் பதறுகிற ஆள் இல்லை. "உங்க கல்யாணம் எப்படி நடந்துச்சு, சொல்லுங்க."

"அதை ஏன் கேக்குறீங்க. இவரோட அப்பன், கெழவன் ஹென்ஸ்லிக்கு எங்க குடும்பத்தைக் கண்டாலே ஆகாது. கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டான். நாங்களும் காத்துக்கிட்டே கெடந்தோம். இவரு பொறந்த நாள் அன்னிக்கு, கோர்ட் கதவு தெறக்குறதுக்கு முன்னாடியே போய்ப் படியில நின்னோம். குளிர்ல எனக்குப் பல்லு கிட்டிப்போச்சு. 'என்னப்பா, ராத்திரி இங்கயே தூங்கிட்டீங்களா'ன்னு கேட்டாரு கிளார்க்கு." சொல்லிச் சிரித்தவள், அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வண்டியில் ஏறியதுமே வெர்னா ஆரம்பித்துவிட்டாள். "ஓமா லைக்கின்ஸ்தான். சந்தேகமே வேண்டாம். இருபத்தஞ்சு வருஷமா கவுண்டி கிளார்க், கல்யாணப் பதிவேடெல்லாம் அவ பொறுப்பு, சாவி அவ இடுப்புல. அவ தம்பி அந்தச் சரளைக் கம்பெனியில லாரி ஓட்டறான். போதாதா?"

"ரோட்டைப் பாரு வெர்னா."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க சொல்லுங்க, ஓமாவா இல்லையா?"



கிளார்க் அலுவலகத்தில் கல்யாண லைசென்ஸ் வாங்க ஒரு ஜோடி நின்றுகொண்டிருந்தது. பையனின் மீசை, வளர்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் துணைக் கிளார்க் டென்சில், இருபத்தாறு வயது, சின்ன வயதில் வெர்னாவின் பஸ்ஸில் போனவன், அவர்களுடைய அடையாள அட்டைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"எங்கப்பா வரணுமா சார்?" என்றான் பையன்.

"எதுக்கு, உன் கையைப் பிடிச்சுக்கவா? உனக்குப் பதினெட்டு முடிஞ்சுபோச்சு. சத்தியம் பண்ணு, கையெழுத்துப் போடு, ஓடு. அப்புறம் அப்பாவைத் தேடுவே பாரு, வாடகை கொடுக்க." அந்தப் பெண் களுக்கென்று சிரித்தாள். டென்சில் முத்திரையைக் குத்தினான். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் அதிகம் என்று வெர்னா நினைத்துக்கொண்டாள். அவன் ஜெனீவாவின் அக்கா மகன் என்பது அவளுக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேர் ரஸ்க் குடும்பத்துக்குச் சொந்தம், அதெல்லாம் ஒரு குற்றமா?

ஓமா இடுப்புச் சாவியால் பதிவேட்டு அறையைத் திறந்துவிட்டாள். "இந்த அறைக்கு ரெண்டே சாவி. ஒண்ணு எங்கிட்ட, இன்னொண்ணு டென்சில்கிட்ட. புஸ்தகம் இந்த ஆபீசைத் தாண்டாது, ஜட்ஜே கேட்டாலும் சரி," என்றாள். குரலில் வெடுக்கென்று ஒரு கோபம். தன் அலுவலகத்து முத்திரையைச் சந்தேகிக்க ஆட்கள் வந்ததை அவளால் தாங்க முடியவில்லை. வெர்னா அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டாள்.

பதினாலாம் பதிவேடு ஒரு பெட்டி கனம் இருந்தது. வெர்னா நேராக இருநூற்றுப் பன்னிரண்டைப் புரட்டினாள். "பாருங்க, மை கொஞ்சம் கறுப்பா இருக்கு!"

"இருக்கலாம். மையைச் சோதிச்சுச் சொல்ல ஒரு மாசம் ஆகும். நமக்கு மூணு மணி வரைக்கும்தான் நேரம். முதல் பக்கத்துலேர்ந்து வயசையெல்லாம் படி."

"எல்லாப் பக்கமுமா? நானூறு பக்கம் இருக்கே!"

"படி."

முணுமுணுத்துக்கொண்டே படித்தாள். மாப்பிள்ளைக்கு இருபத்துநாலு, பெண்ணுக்குப் பத்தொன்பது. முப்பது, இருபத்தெட்டு. கொஞ்ச நேரத்தில் அவளுக்கே சுவாரசியம் தட்டியது. "இந்தப் பயலுக்குப் பத்தொம்பது. கீழே குறிப்பு எழுதியிருக்கு, 'தகப்பனார் நேரில் வந்து சம்மதித்தார்'. பாவம், பால் கறக்குறதை விட்டுட்டு வந்திருப்பாரு. இங்க ஒருத்தன், இருபது. 'தாயார் சம்மதக் கடிதம் பெறப்பட்டது'. அட, இவனுக்கும் இருபதுதான், இன்னும் ஒரு மாசத்துல இருபத்தொண்ணு, அதுக்கும் அப்பா!"

எண்பத்தெட்டாம் பக்கமும் நூற்று நாற்பதாம் பக்கமும் காலியாகக் கிடந்தன. பழைய கிளார்க் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறார். ஆன்சல் அவற்றை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு மணிக்கு வெர்னாவின் தொண்டை கட்டிப்போயிற்று. ஆன்சல் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு எண்ணை எழுதி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஓமாதானே?" என்றாள் வெர்னா.

"ஒண்ணு மட்டும் நிச்சயம், ஓமாவா இருக்க முடியாது," என்று சொல்லிவிட்டுச் சாண்ட்விச் வாங்கப் போனார்.

மூன்று மணிக்கு ஜட்ஜ் பர்ச்செட் மாடியிலிருந்து இறங்கி வந்தார், புத்தகம் மேலே வராது என்பதால். மேசையின் ஒரு பக்கம் டெல்ஃபியா, எதிரே ஜெனீவா ரஸ்க்கும் அவள் வக்கீலும். ஜெனீவா நல்ல நீலக் கோட்டுப் போட்டிருந்தாள். முப்பது வருஷம் டேட்டன் நகரத்தில் தொழிற்சாலை வேலை செய்துவிட்டுப் போன வருஷம் திரும்பியவள். ஓமாவும் டென்சிலும் கவுண்டருக்குப் பின்னால் நின்றார்கள்.

"டென்சில் தம்பி, ஒரு சின்னச் சந்தேகம்," என்றார் ஆன்சல். "காலையில அந்தப் பையனுக்கு லைசென்ஸ் கொடுத்தே. ஆர்வில் ஹென்ஸ்லி காலத்துல, அப்பா அம்மா இல்லாமத் தனியா வந்து லைசென்ஸ் வாங்க ஒரு பையனுக்கு என்ன வயசு ஆகணும்?"

"அப்பவும் அதே பதினெட்டுதான் சார். எப்பவும் அதானே."

"என்னடா உளர்றே!" ஓமாவுக்குப் பொறுக்கவில்லை. "பொண்ணுக்குத்தான்டா பதினெட்டு. பையனுக்கு இருபத்தொண்ணு. எழுபத்தொண்ணுலதானே சட்டத்தை மாத்துனாங்க? இருபது வயசுல அப்பன் இல்லாம வந்த எத்தனை பயலுகளை நானே இந்தக் கவுண்டர்லேர்ந்து திருப்பி அனுப்பியிருக்கேன். கெஞ்சுவானுங்க, அழுவானுங்க, நான்..."

அவள் நிறுத்தினாள். மேசைமேல் திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி டென்சிலைப் பார்த்தாள்.

"பழைய கிளார்க் மறந்திருக்கலாமே," என்றார் வக்கீல்.

ஆன்சல் மடித்த சீட்டை எடுத்தார். "இந்தப் புத்தகத்துல இருபத்தொண்ணுக்குக் கீழே மாப்பிள்ளைங்க இருபத்துநாலு பேர். இருபத்துமூணு பேருக்குக் கீழே சம்மதக் குறிப்பு இருக்கு. இல்லாதது ஆர்வில் ஒருத்தருக்கு மட்டும். அவர் வயசைக் கூட்டிச் சொல்லி ஏமாத்தியிருந்தா, இருபத்தொண்ணுன்னு எழுதியிருக்கும். இருபதுன்னு உண்மையைச் சொல்லிட்டு, அப்பனும் இல்லாம, லைசென்ஸோட வெளியே போக முடியாது. அந்தப் பக்கம் காலியா கெடந்த பக்கம். இன்னும் ரெண்டு பக்கம் அதே மாதிரி கெடக்கு. இருநூத்திப் பன்னெண்டுக்கு முன்பக்கம் அக்டோபர் பதினெட்டு, பின்பக்கம் இருபது. தேதியைத் தேர்ந்தெடுக்க வழியில்ல. வயசு பொறந்த தேதியோட பொருந்தணும்னு சரியா இருபதுன்னே போட்டுட்டாங்க. அது போதும்னு நெனைச்சுட்டாங்க."

"யாரு?" என்றார் ஜட்ஜ்.

"சாவி ரெண்டு. ஓமா பழைய சட்டத்துல பல வருஷம் வேலை செஞ்சவங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க. டென்சில் வேலைக்கு வந்து நாலு வருஷம்."

வெர்னா ஓமாவின் பக்கம் பார்க்கவில்லை. முகம் சுடச்சுட இருந்தது.

டென்சில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "சித்தி, நீங்கதானே சொன்னீங்க," என்றான், சின்னப் பையன் குரலில். "அவர் உங்களைத்தான் கட்டிக்கிறதா இருந்தாரு, நியாயமா அந்த நெலம் உங்களுக்கு வர வேண்டியதுன்னு."

ஜட்ஜ் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஓமாவின் தொலைபேசியை இழுத்துச் சவ அடக்கக்காரரை அழைத்தார். "உடம்பை ஹென்ஸ்லி அம்மாகிட்ட ஒப்படைங்க. ஆமா, டெல்ஃபியா ஹென்ஸ்லி. மனைவி." பிறகு ஷெரீஃபுக்கு ஒரு தொலைபேசி. வக்கீல் பையை மூடிக்கொண்டு, கட்சிக்காரியிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்றார்.

ஜெனீவா அசையவில்லை. அவள் ஓமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருபத்தொண்ணா?"

"ஆமா."

"எனக்குப் பதினெட்டு போதும்னு சொன்னாங்க. அவனுக்கும் அதான்னு நெனைச்சேன்." என்றாள் ஜெனீவா. "அம்பத்தொண்ணு கோடையில, எப்போடா கட்டிக்குவேன்னு கேட்டேன். மார்ச் வரைக்கும் பொறுன்னான். ஏன்னு கேட்டா வாயைத் தெறக்கல. அப்பன் கையெழுத்துப் போடலைன்னு சொல்ல ரோஷம் போல. என்னைத் தட்டிக் கழிக்கிறான்னு நெனைச்சு டேட்டன் பஸ்ஸுல ஏறிட்டேன். மார்ச்சுல அவனுக்கு இருபத்தொண்ணு... அப்போ அவன் நெசமாத்தான் சொன்னானா?"

 ஆன்சல் தரையைப் பார்த்தார். வெர்னா பதிவேட்டை மூடினாள்.

டெல்ஃபியா எழுந்து கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். ஜெனீவாவைக் கடந்து கதவுவரை போனாள். அங்கே நின்றாள். ஆர்வில் அதே மார்ச்சை முதலில் ஜெனீவாவுக்குத்தான் சொல்லியிருந்தார் என்பது அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரிந்தது; அது முகத்தில் எழுதியிருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம்," என்றாள், திரும்பாமலே. "வரணும்னா வா. ஆனா பின்னாடி நில்லு."