மாம்பழச்சாலைக் கல்

1961, மார்கழி மாதம், திங்கட்கிழமை. காலை 6.40.

மாம்பழச்சாலைப் பூங்காவில் கல் நின்ற இடத்தில் வெறும் குழிதான் இருந்தது. முழங்கால் உயரக் கல், ஒரு மூட்டை நெல்லின் கனம். 'ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்கு இங்கே தண்ணீர் தரப்படும்' என்று நாயக்கர் காலத்தில் யாரோ புண்ணியவான் அதில் வெட்டி வைத்திருந்தான். காவிரிக்கரையிலிருந்து கோயிலுக்குப் போன பழைய நடைவழியில் மிஞ்சியிருந்த இருநூறு அடியையும் ஒரு நாலுகால் மண்டபத்தையும் வேலி போட்டுப் பூங்காவாக வைத்திருந்ததே அந்த எழுத்துக்காகத்தான்.

7.15.

சப்-இன்ஸ்பெக்டர் கிளமென்ட் ஜீப்பை விட்டு இறங்கினார். வைகுண்ட ஏகாதசி பந்தோபஸ்தில் நாலு நாள் நின்ற கால்கள் இன்னும் கடுத்தன. இன்று அவருக்கு லீவு. படுத்து அரை மணிகூட ஆகவில்லை, எழுப்பிவிட்டார்கள். கல்லைத் திருடுகிறவனும் உண்டா என்று வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

தலைவலி அதோடு நிற்கவில்லை. கல்லைச் சென்னைக்கு எடுத்துப் போய்ப் பத்திரப்படுத்த ஓர் அதிகாரி பதினோரு மணிக்கு லாரியோடு வருகிறார். அதற்குள் கிடைக்காவிட்டால் வாட்ச்மேன் பிச்சைமுத்து பேரில் கேஸ் எழுதிவிடும்படி மேலிடத்து உத்தரவு. பூங்காக் கதவுச் சாவி அவனிடம்தான் இருந்தது. கேஸ் எழுதினால் அன்றைக்கே வேலை போகும். கையில் விலங்கோடு அவன் மண்டபத்துக் கருங்கல் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"கல்லைக் கடைசியா எப்பப் பாத்த?"

"நேத்து சாயந்திரம் ஆறரை மணிங்க. சாப்பிடப் போயிட்டு எட்டு மணிக்கு வந்தேன். இருட்டுல கவனிக்கலைங்க."

"காலையில தடம் ஏதாச்சும் இருந்துச்சா?"

"தண்ணி தெளிச்சுப் பெருக்கிட்டேங்க. அப்புறந்தான் கல்லு இல்லைன்னு தெரிஞ்சுது."

கிளமென்ட் தலையில் அடித்துக்கொண்டார். இருந்த ஒரே தடயத்தையும் துடைப்பத்தால் கூட்டி அள்ளியிருக்கிறான். போதாக்குறைக்கு, அதிகாரி வருகிறார் என்று நேற்றுப் பகலில் பாதையோரத்துக் கற்களுக்கெல்லாம் ஒன்று வெள்ளை, ஒன்று காவி என்று மாற்றி மாற்றி அடித்துக் கல்யாண வீடு மாதிரி ஆக்கியிருந்தான். அவன் கையைத் திருப்பிப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்குத்தான் இருந்தது. சுண்ணாம்பில் கை வைக்குமுன் எண்ணெய் தடவிக்கொள்வானாம். சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைச் சாப்பிடப் போனபோது கழுவுவதற்காக வீட்டுக்கு எடுத்துப் போனதாகவும், வாளியை இங்கேயே விட்டுவிட்டதாகவும் சொன்னான். வேலி இடுப்பளவுதான். யார் வேண்டுமானாலும் தாண்டலாம்.

8.00.

பிச்சைமுத்து இன்னொன்றும் சொன்னான்: முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குக் காட்டூர் கான்ட்ராக்டர் வீரமலை வந்து டேப் பிடித்து இடத்தை அளந்துவிட்டுப் போனாராம். கிளமென்டுக்கு உயிர் வந்தது. நேரே காட்டூருக்கு ஜீப்பை விட்டார். வீரமலை பதறவில்லை. கல் போனபிறகு அந்த இடத்தை லாரி ஷெட்டுக்குத் தருவதாகத் தன்னிடம் பேச்சு நடக்கிறது என்று தானாகவே சொன்னார்.

"தன்னால போற கல்லை நான் எதுக்கு சார் தூக்கணும்?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. இருந்தும் வீட்டையும் கொட்டகையையும் ஒன்றரை மணி நேரம் குடைந்தார்கள். செங்கல்லும் ஜல்லியும் கிடைத்தன.

10.10.

எரிச்சலோடு திரும்பி வந்தபோது மண்டபத்தில் பாக்கியநாதன் காத்திருந்தார். சரித்திர வாத்தியார். புதரில் கிடந்த கல்லை ஆறு வருஷத்துக்கு முன் கண்டெடுத்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி இந்தப் பூங்காவை அமைக்க வைத்தவர். எல்லாருக்கும் தூக்கில் காபி கொண்டுவந்திருந்தார். அது எப்போதோ ஆறிப் பச்சைத்தண்ணீராகியிருந்தது. கிளமென்ட் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார். பாக்கியநாதன் டம்ளரைக் கைக்குட்டையால் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தான் நேற்று மாலை இந்தப் பக்கமே வரவில்லை என்றார். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு நிதானமாகத் தேடலாமே என்று யோசனையும் சொன்னார்.

10.30.

கிளமென்ட் டம்ளரை வைத்துவிட்டுப் பாதையில் நடந்தார். வெள்ளை, காவி, வெள்ளை, காவி. மண்டபத்திலிருந்து பத்தடி போனதும் நின்றார். வெள்ளையை அடுத்து இன்னொரு வெள்ளை. அதை அடுத்துக் காவி.

இரண்டு கான்ஸ்டபிள்கள் கடப்பாரை கொடுத்து அந்த இரண்டாவது வெள்ளையைப் புரட்டினார்கள். எழுத்து மண்ணைப் பார்த்துக் கிடந்தது. அடியில் நாலாக மடித்த சாக்கு. எழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

கிளமென்ட் மண்டபத்துக்குத் திரும்பிப் பாக்கியநாதனின் எதிரில் உட்கார்ந்தார்.

"கைக்குட்டையை எடுங்க சார்."

வாத்தியார் எடுக்கவில்லை. கிளமென்டே மெல்ல விலக்கினார். பத்து விரல் நுனியும் பொத்துப்போய்ச் சிவந்திருந்தன.

"பச்சைத்தண்ணியா இருக்கற காபிக்குத் துணி எதுக்குன்னு அப்பவே கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என் புத்தி. சுண்ணாம்பு அடிச்சுப் பழகினவன் எண்ணெய் தடவிப்பான், மட்டையால அடிப்பான். உங்களுக்கு மட்டையும் கிடைக்கலை, விஷயமும் தெரியலை. வெறுங்கையாலயே பூசியிருக்கீங்க. எழுத்து கெட்டுடக் கூடாதுன்னு சாக்கு விரிக்கற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்."

பாக்கியநாதன் மறுக்கவில்லை. பிச்சைமுத்து சாப்பிடப் போன நேரத்தில், கல்லை முனைமாற்றி முனை புரட்டித் தான் ஒருவராகவே நகர்த்தியதாகச் சொன்னார். லாரி காலியாகத் திரும்பினால் போதும், பிறகு தானே கண்டெடுத்த மாதிரிக் கொடுத்திருப்பாராம்.

"கல்லு போனா இந்த வழியும் போச்சு சார். நாளைக்கே ஷெட்டு போட்டுடுவாங்க. இன்னும் அரை மணி நீங்க எதையும் பாக்கலைன்னு வச்சுக்குங்க."

கிளமென்டுக்கு அந்தக் கணம் அப்படியே செய்துவிடத்தான் ஆசையாக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"கல்லுக்குச் சாக்கு விரிச்சீங்க. அவன் விடிஞ்சதுலேர்ந்து விலங்கோட வெறும் தரையில உக்காந்திருக்கான். பக்கத்துலயே உக்காந்து காபி ஊத்திக் குடுத்தீங்களே சார்."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். கிளமென்ட் சாவியை எடுத்துப் பிச்சைமுத்துவின் விலங்கைக் கழற்றினார்.

11.20.

கல் கைக்கு வந்துவிட்டதால், புகார் எதுவும் வேண்டாம் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். நாலு பேர் கல்லைத் தூக்கி வைக்கோலில் கிடத்தினார்கள். லாரி பாலத்தின் பக்கம் திரும்பி மறைந்தது. பாக்கியநாதன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்து போய்விட்டார். திருடனைப் பிடித்தவருக்கு வரவேண்டிய சந்தோஷம் கிளமென்டுக்குத் துளியும் வரவில்லை.

ஜீப்பில் ஏறப்போனவரிடம் பிச்சைமுத்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தான். காப்பாற்றினீர்கள் என்று கும்பிட்டான். பிறகு குழியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"நாளையிலேர்ந்து நான் இங்க எதைக் காக்கறதுங்க?"